பதினான்கு ஆண்டுகள் விலை ஏறாத மோதிரம்

2011ஆம் ஆண்டு மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டி திணறிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், எங்கள் திருமணத்துக்காக இரண்டு பிளாட்டினம் மோதிரங்கள் வாங்கினோம். அன்று தங்கம் சவரனுக்கு 16,000 ரூபாயை ஒட்டி இருந்தது. கிராம் கணக்கில் பிளாட்டினம் தங்கத்தைவிட விலை அதிகம் என்று கடைக்காரர் சொன்னதும், உடன் வந்திருந்த பெரியம்மா மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளி மாதிரிதானே இருக்கு, வெள்ளியே வாங்கிக்கலாமே" என்றார். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, தங்கத்தைவிட அரிதான உலோகம், தங்கத்தைவிட விலை கூடிய உலோகம், ஆகவே நாளைக்கும் அப்படியேதான் இருக்கும் என்று பெரியம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். அந்த மூன்று கூற்றுகளில் முதல் இரண்டு அன்றைக்கு உண்மை. மூன்றாவது எவ்வளவு தவறு என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

2025 ஜனவரியில், விரல் பருத்துவிட்டதால் மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி, லோயர் பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக வேலை செய்து தரும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் பழக்கதோஷத்தில் முதலில் உரைகல்லை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அதன்மேல் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டுத் திராவகம் வைத்தார். வெள்ளியாக இருந்தால் கோடு கரைந்து மறையும், மட்டத் தங்கமாக இருந்தால் பச்சையாகப் பொங்கும்; இதில் ஒன்றும் நடக்கவில்லை, கோடு அப்படியே கிடந்தது. பிளாட்டினம் நைட்ரிக் அமிலத்துக்கு அசையாது, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜத்திராவகத்தில்தான் கரையும். தராசில் வைத்தார், 5 கிராம் 800 மில்லி. கையில் எடுத்துப் பார்த்தபோது, அந்த அளவுள்ள வெள்ளி மோதிரத்தைப்போல் இரு மடங்கு கனம் என்று அவரே சொன்னார், கணக்கும் அதுதான். பிறகு ஊதுகுழலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இது நம்ம நெருப்புக்கு அடங்காது தம்பி, கோயமுத்தூருக்குத்தான் அனுப்பணும்" என்றார். தங்கம் 1,064 டிகிரியில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். மோதிரத்தைத் திருப்பித் தரும்போது அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "இன்னிக்கு இது வித்தா வாங்கின விலை வருமா?"

வீட்டுக்கு வந்து பழைய ரசீதைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். பிளாட்டினம் உலகச் சந்தையில் அவுன்ஸ் கணக்கில், டாலரில் விலை பேசப்படுகிறது. ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 2011 மே மாதத்தில் அவுன்ஸ் 1,800 டாலரை ஒட்டி இருந்தது, டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். ஆக, வரியும் செய்கூலியும் சேராத உலோக விலை கிராமுக்குச் சுமார் 2,600 ரூபாய். 2025 ஜனவரியில் அவுன்ஸ் 950 டாலர் அளவில் இருந்தது, டாலர் 86 ரூபாய்; வகுத்துப் பார்த்தால் அதே 2,600 ரூபாய். நான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தவறு இல்லை. டாலர் விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ரூபாயின் மதிப்பும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டதால் அந்தச் சரிவு நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொண்டது, அவ்வளவுதான். இதே காலத்தில் தங்கம் 16,000 ரூபாயிலிருந்து 57,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மண்ணிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் தங்கம் ஏறத்தாழ 3,600 டன். பிளாட்டினமோ 200 டன்னுக்கும் குறைவு. அரிதாக இருப்பதுதான் விலைக்குக் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையை நான் புத்தகத்தில் தேடுவதற்கு முன்பே, வீட்டில் பார்த்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. அப்பா இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த அந்தத் தொழிற்சாலையில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரானபோது, அதற்கெல்லாம் அடிப்படையாக இருந்தது வெள்ளி. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து ஒளியுணரும் உப்பைச் செய்து, ஜெலட்டினில் கலந்து, இருட்டறையில் பிலிமின்மேல் பூசுவார்கள். அதனால் அப்பா காலையில் செய்தித்தாளை எடுத்தால் முதலில் பார்ப்பது வணிகப் பக்கத்தில் இருக்கும் வெள்ளி விலையைத்தான். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியதையும், இரண்டே மாதத்தில் அது மடமடவென்று சரிந்ததையும் ஒரு சொந்தக்காரரின் கதையைப்போலச் சொல்வார். ஆனால் அவர் பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில் நடந்தது அதைவிடப் பெரிய விஷயம். டிஜிட்டல் கேமரா வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகப் படச்சுருள் தொழில் ஆண்டுக்கு 20 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தது, இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளியின் நல்லகாலம், அதற்குச் சூரிய மின்தகடு முதலான வேறு வேலைகள் கிடைத்துவிட்டன. ஓர் உலோகத்தை யார், எதற்காக வாங்குகிறார்கள், நாளைக்கும் அவர்களுக்கு அது தேவைப்படுமா என்பதைத்தான் அப்பா தினமும் அந்தப் பக்கத்தில் தேடியிருக்கிறார். பிளாட்டினத்தைப் பற்றி நான் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

கேட்டுப் பார்த்தால் அதன் கதை முழுவதும் வேலை தேடி அலைந்த ஓர் உலோகத்தின் கதையாகத்தான் இருக்கிறது. இன்றைய கொலம்பியாவின் ஆற்றுமணலில் தங்கம் அரித்துக்கொண்டிருந்த ஸ்பானியர்களுக்கு, தங்கத்தோடு சேர்ந்து வந்த வெண்மையான, கனத்த மணிகள் தொல்லையாக இருந்தன. உருக்கவும் முடியவில்லை, பிரிப்பதும் எளிதாக இல்லை. 'பிளாட்டினா', அதாவது சின்ன வெள்ளி, என்று இளக்காரமாகப் பெயர் வைத்தார்கள். அந்தோனியோ தெ உல்லோவா என்ற ஸ்பானியக் கடற்படை அதிகாரி 1748இல் அதைப் பற்றி எழுதியபோதும் அது வெள்ளியைவிட மலிவாகவே கிடைத்தது. தங்கத்துக்கு ஈடான கனம் உடையது என்பதால் கள்ளத்தங்கத்தில் கலப்பதற்கு மட்டும் வசதியாக இருந்தது. அதைத் தடுக்க, கிடைத்த பிளாட்டினத்தை ஆற்றில் கொட்டும்படி அரசாங்கமே ஆணையிட்டது. 1820களில் ரஷ்யாவின் உரால் மலைகளில் ஏராளமாகக் கிடைத்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் 1828 முதல் 1845 வரை அதில் ரூபிள் நாணயங்கள் அடித்தார்கள். உலோகம் அப்படியேதான் இருந்தது, அரிதாகவும் இருந்தது. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆளைக் கொண்டுவந்தது வேதியியல். அம்மோனியாவைக் காற்றோடு சேர்த்து, சூடான பிளாட்டினம் வலையின் ஊடாகச் செலுத்தினால் நைட்ரிக் அமிலம் செய்ய வழி பிறக்கிறது. அந்த அமிலம் இல்லாமல் வெடிமருந்தும் இல்லை, பெருமளவு உரமும் இல்லை. அருவங்காட்டுத் தொழிற்சாலையால் பெயர்பெற்ற கார்டைட் என்ற வெடிமருந்துக்கும் மூலத்தில் வேண்டியது நைட்ரிக் அமிலம்தான் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் உலகப்போரில் பிளாட்டினம் போர்ப்பொருள் ஆயிற்று; அந்த நேரம் பார்த்து 1917 புரட்சியால் ரஷ்ய வரத்து நின்றுபோக, விலை தங்கத்தைப் பல மடங்கு தாண்டியது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா பிளாட்டினத்தில் நகை செய்வதையே தடைசெய்தது. வெள்ளைத் தங்கம் அந்த நாட்டில் பரவியதற்கு இது முக்கியமான காரணம்.

இன்றைய விலையின் இரண்டு தூண்களும் முதல் உலகப்போருக்குப் பிறகு வந்தவை. 1924இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு விவசாயி தன் நிலத்து ஓடையில் அரித்தெடுத்த மணிகளை, நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கி பிளாட்டினம் என்று உறுதிசெய்து, அது வந்த பாறையடுக்கைத் தேடிக் கண்டுபிடித்தார். உலகில் தோண்டப்படும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இன்று அந்த ஒரே நாட்டிலிருந்து வருகிறது. இரண்டாவது தூண் அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம். அதன் விளைவாக 1975 மாடல் கார்களிலிருந்து புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்றின் கண்ணறைகள் முழுவதும் சில கிராம் பிளாட்டினமும் அதன் உறவுக்கார உலோகங்களும் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு அதைத் தொட்டுக் கடக்கும்போது கரியமில வாயுவாக மாறிவிடும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை ஆறு என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதற்கும் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு முதல் கியரில் ஏறும் புதிய டீசல் பேருந்தின் புகைக்குழாய்க்குள் ஒரு சிறு நகைக்கடையே உட்கார்ந்திருக்கிறது என்று என் மகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறாள். சட்டம் இறுகினால் தேவை ஏறும், தேவை ஏறினால் விலை ஏறும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிளாட்டினத்துக்கு இந்த ஏணி இருந்தது.

ஏணியின் உச்சி 2008 மார்ச். அந்த ஆண்டு ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் மின்வாரியமான எஸ்காம், சுரங்கங்களுக்குத் தடையில்லா மின்சாரம் தர இயலாது என்று கைவிரித்தது. அங்குள்ள சுரங்கங்களில் பல ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போகின்றன. உள்ளே பாறையே சுடுகிறது. குளிர்காற்று ஊதுவதும் ஆட்களை ஏற்றி இறக்குவதும் மின்சாரத்தால்தான். மின்சாரம் எந்த நேரத்திலும் போகலாம் என்றால் ஆட்களை உள்ளே அனுப்ப முடியாது. சில நாள்கள் சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. உலகத்தின் முக்கால் பங்குக்கு நெருக்கமான வரத்து ஒரே நாட்டின் ஒரே மின்வாரியத்தை நம்பியிருக்கிறது என்பது வணிகர்களுக்கு அன்றுதான் உறைத்தது போலும். விலை இரண்டே மாதத்துக்குள் 2,200 டாலரைக் கடந்தது. அந்த உச்சியில் வாங்கியவர்களின் கதையைக் கேட்க வேண்டாம். செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் ஆட்டம்கண்டன, கார் வாங்க உலகத்தில் ஆளில்லை, அக்டோபரில் பிளாட்டினம் 800 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இதே நெருக்கடியில் தங்கம் சற்றே தடுமாறி எழுந்துகொண்டது. ஏனென்றால் பயம் வந்தால் மனிதர்கள் தங்கத்தை வாங்குவார்கள், பயம் வந்தால் கார் வாங்க மாட்டார்கள். நான் 2011இல் வாங்கியபோது விலை மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தைத்தான் நான் பெரியம்மாவிடம் இயற்கை விதியைப்போல எடுத்துச் சொன்னேன்.

வரத்து குறைந்தால் விலை ஏறும் என்ற பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்களுக்கு 2014 ஒரு புதிர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2012 ஆகஸ்ட் 16 அன்று, தென்னாப்பிரிக்காவின் மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றிருந்தது. பாறையைக் குடைந்து, முதுகு நிமிராத உயரமுள்ள பொந்துக்குள் வேலை செய்பவர்கள் மாதம் 12,500 ரேண்ட் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை தீராமல் புகைந்து, 2014 ஜனவரியில் மூன்று பெரிய நிறுவனங்களிலும் வேலைநிறுத்தமாக வெடித்து, ஐந்து மாதங்கள் நீடித்தது. அந்த நாட்டுச் சுரங்க வரலாற்றிலேயே நீண்டது. வீடுகளில் அடுப்பு எரியாத ஐந்து மாதங்கள். அத்தனை நாள்களிலும் பிளாட்டினத்தின் விலையோ 1,400, 1,500 டாலர் எல்லையைவிட்டு அதிகம் நகரவில்லை. காரணம், வேலைநிறுத்தம் வரும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. நிறுவனங்கள் இருப்பு வைத்திருந்தன; கார் தொழிற்சாலைகளும் வைத்திருந்தன; லண்டன், சூரிச் பெட்டகங்களில் முதலீட்டாளர்களின் கட்டிகள் கிடந்தன; பழைய கார்களின் மாற்றிகளை உடைத்துப் பிரித்தெடுக்கும் உலோகமும் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய துயரம் விலைப்பட்டியலில் ஒரு கோணலைக்கூட ஏற்படுத்தவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. சுரங்கத்திலிருந்து வருவது நின்றாலும், தரைக்குமேல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சந்தை பதறுகிறது அல்லது பதறாமல் இருக்கிறது.

மோதிரத்தின் விலையை உண்மையில் உடைத்தது வேறு இடத்தில் நடந்த சங்கதி. டீசல் எஞ்சினின் புகையில் ஆக்ஸிஜன் அதிகம், வெப்பம் குறைவு. அந்த நிலையில் நன்றாக வேலை செய்வது பிளாட்டினம். பெட்ரோல் கார்களுக்கு அதன் தங்கை உலோகமான பல்லேடியம் போதும். ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் ஏறத்தாழப் பாதி டீசலாக இருந்தவரை பிளாட்டினத்துக்கு உட்கார்ந்து சாப்பிடும் வாழ்வு. 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளியானது. அதன்பின் ஐரோப்பியர்கள் டீசலைவிட்டு விலகத் தொடங்கினார்கள். 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் டீசலின் பங்கு ஏழில் ஒன்றுதான். அவர்கள் பெட்ரோல் காருக்கு மாறியதால் பல்லேடியத்துக்கு வாழ்வு வந்தது. 2017 செப்டம்பரில் அது பிளாட்டினத்தை முந்தியது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் 3,000 டாலரைக் கடந்தது, ஏனென்றால் பல்லேடியத்தில் ஒரு பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. பிளாட்டினமோ 2015 தொடக்கத்திலிருந்தே தங்கத்துக்குக் கீழே போய், 2020 மார்ச்சில் 600 டாலருக்கும் கீழே விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், தங்கையின் விலை அளவுமீறிப் போனதும் கார் நிறுவனங்கள் பெட்ரோல் மாற்றிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாட்டினத்தைச் சேர்க்கத் தொடங்கின. ஆனால் ஒரு மாற்றியின் கலவையை மாற்றுவது இரவோடு இரவாக நடப்பதில்லை, சோதித்து அனுமதி பெற ஆண்டுகள் ஆகும். அதனால் இந்தச் சகோதரிகளின் விலைகள் ஒன்றையொன்று இழுத்தாலும் எப்போதும் தாமதமாகத்தான் இழுக்கின்றன.

விலை இவ்வளவு விழுந்தால் சுரங்கத்தை மூடிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது கோத்தகிரிப் பக்கத்தில் யாரும் செடியைப் பிடுங்கிப் போடவில்லை. கிலோவுக்குக் கிடைப்பது குறைந்ததால் இன்னும் நாலு கிலோ கூடுதலாகப் பறித்தார்கள், அதனால் வரத்து கூடி விலை இன்னும் சரிந்தது. சுரங்கமும் அப்படித்தான். ஒரு சுரங்கக் குழி தோண்டப் பத்தாண்டுபோல் ஆகும், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, மூடினால் தண்ணீர் நிரம்பிவிடும். எனவே நட்டத்திலும் ஓட்டுவார்கள். ஒரு டன் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்தால் அதில் இந்த வகை உலோகங்கள் எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஆறு கிராம் கிடைக்கும். அந்த ஆறு கிராமில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் கலந்து வருவதால், ரோடியம் 2021 மார்ச்சில் அவுன்ஸ் 30,000 டாலரை நெருங்கியபோது, பிளாட்டினம் மலிவாகக் கிடந்தும் சுரங்கங்கள் கொழித்தன. ரோடியமும் பல்லேடியமும் 2023இல் சரிந்ததும் மொத்தக் கூடையின் வருமானம் விழுந்து ஆட்குறைப்பு தொடங்கியது. ரஷ்யாவின் நோரில்ஸ்க்கில் இவை நிக்கல் எடுக்கும்போது கூடவே வருபவை, நிக்கலுக்காகத்தான் தோண்டுகிறார்கள். ஆகவே பிளாட்டினத்தின் விலையை மட்டும் பார்த்து நாளைய வரத்தைச் சொல்லிவிட முடியாது. (டன்னுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கைப் பார்க்காமல் பணம் போட்டால் என்னவாகும் என்பதற்கு நம் மாவட்டத்துத் தேவாலாவும் பந்தலூரும் சாட்சி. 1880ஐ ஒட்டி அங்கே தங்கம் எடுப்பதாக லண்டனில் வரிசையாக நிறுவனங்கள் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தன.)

புதிய சுரங்கங்களுக்குப் பணம் போட ஆளில்லாமல் இப்படிப் பல ஆண்டுகள் போனதன் பலன் 2025இல் தெரிந்தது. 2023 தொடங்கி ஆண்டுதோறும் தேவையைவிட வரத்து குறைவாகவே இருந்து, தரைக்குமேல் கிடந்த இருப்பு கரைந்துகொண்டு வந்திருந்தது. ஆனாலும் விலை அசையாமல் கிடந்தது. 2014இல் பார்த்த அதே அசையாமைதான். பிறகு பல சங்கதிகள் ஒன்றாகக் கூடின. ஆண்டின் தொடக்கத்தில் பெய்த பெருமழை தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் உற்பத்தியைக் குறைத்தது. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் சீன நகை வணிகர்கள் பிளாட்டினத்தின் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்கா இறக்குமதி வரி விதித்துவிடுமோ என்ற அச்சத்தில் வணிகர்கள் கட்டிகளை முன்கூட்டியே நியூயார்க் கிடங்குகளுக்கு அனுப்பியதால் லண்டனில் கைக்குக் கிடைப்பது அருகியது. மின்சாரக் கார்கள் எதிர்பார்த்த வேகத்தில் பெருகாததால் புகைக்குழாயின் ஆயுள் கொஞ்சம் நீண்டது. பிளாட்டினத்தைச் சொந்தமாக வாங்காமல் வட்டிக்கு இரவல் வாங்கிப் பயன்படுத்தும் தொழிற்சாலைகள் உண்டு; வழக்கமாக மிகக் குறைவாக இருக்கும் அந்த வட்டி அந்தக் கோடையில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டியது. கையில் சரக்கு இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு இல்லை. ஜனவரியில் 950 டாலர் அளவில் இருந்த உலோகம் ஜூன் முடிவதற்குள் 1,300ஐக் கடந்தது, அக்டோபரில் 1,600ஐயும் தாண்டியது. பதினான்கு ஆண்டுகள் ஏறாத மோதிரம் பத்தே மாதத்தில் ஏறியது. தங்கத்தின் சந்தை கடல் என்றால் இது எமரால்டு ஏரியளவுகூட இல்லை. ஒரு கை கூடுதலாக அள்ளினாலும் நீர்மட்டம் மாறுகிறது.

இந்த ஏற்றம் நம் பைக்கு வருமா என்றால், அங்கேதான் நகைக்கடைக் கணக்கு குறுக்கே நிற்கிறது. உலக விலையோடு ரூபாயின் மதிப்பு சேர்கிறது. இறக்குமதி வரி சேர்கிறது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் பிளாட்டினத்தின் வரி 15.4 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று உலகச் சந்தையில் ஒன்றும் நடக்காமலேயே நம் வீட்டுப் பிளாட்டினத்தின் மதிப்பு குறைந்தது. வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. செய்கூலி தங்கத்தைவிட அதிகம். எங்கள் பத்தரின் நெருப்புக்கு அடங்காத உலோகத்தை அடக்குவதற்கான கூலி அது. மோதிரத்தின் உட்புறம் பொறித்திருக்கும் 950 என்ற எண், ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்பதைச் சொல்கிறது. விற்கப் போனால் அந்தச் சுத்தத்துக்கான விலையிலும் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள்; நான் விசாரித்த ஒரு கடையில், தங்கள் கடையில் வாங்காத பிளாட்டினத்தை எடுப்பதேயில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடகுக் கடையில் தங்கத்துக்கு ஐந்து நிமிடத்தில் பணம் எண்ணிக் கொடுப்பவர், இதைப் பார்த்துத் தலையை ஆட்டி, "வேற ஏதாவது இருந்தா கொண்டாங்க சார்" என்றார். அவசரத்துக்கு உதவாத பொருளைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. மோதிரமாக அது மிக நல்ல பொருள். பதினான்கு ஆண்டுகளில் தேயவில்லை, கறுக்கவில்லை.

கோயமுத்தூரிலிருந்து மோதிரம் மூன்று வாரத்தில் வந்துசேர்ந்தது. ஒட்டுத்துண்டு வைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். 5 கிராம் 800 மில்லி இப்போது 6 கிராம் 100 மில்லி. அக்டோபரில் அக்கா மகனின் திருமணத்துக்கு மோதிரம் பார்க்க, அன்று நாங்கள் மோதிரங்கள் வாங்கிய அதே கமர்ஷியல் சாலைக்குப் போனோம். சுவரில் இருந்த பலகையில் 22 காரட் தங்கத்துக்கு ஒரு வரி, வெள்ளிக்கு ஒரு வரி. பிளாட்டினத்துக்கு வரி இல்லை, சவரன் கணக்கும் இல்லை. "பிளாட்டினம் கிராம் என்ன விலைங்க?" என்று அவன் கேட்டதும், கடைக்காரர் கைபேசியை எடுத்துக் கோயமுத்தூருக்குப் பேசினார். மறுமுனையில் இருந்தவர் விலையைச் சொல்லிவிட்டு வேறு ஏதோ சொன்னார். கடைக்காரர் மதிப்பீட்டுச் சீட்டின் பின்புறம் பென்சிலால் அந்த எண்ணை எழுதி, அதன் பக்கத்தில் 'மாலை 6 மணி வரை' என்றும் எழுதி எங்களிடம் நீட்டினார். அப்போது மணி நாலரை.